ஈக்வடார் குடும்பங்களும் நிகரகுவா குடும்பங்களும்: இரு இலத்தீன் அமெரிக்க நாட்டினர், இரு வேறு பொருளாதார நிலைகள்

வாசகர் கேள்வி, 2025 செப்டம்பர் 2

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் என் வீட்டைச் சுற்றிலும் ஈக்வடார்க்காரர்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓர் அறையில் நான்கைந்து பேர் தங்கியிருப்பதும் உண்டு. மியாமியில் என் அக்கா வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கம் முழுவதும் நிகரகுவாக்காரர்கள். பலருக்குச் சொந்த வீடு, வாசலில் இரண்டு கார். ஈக்வடார் எண்ணெய் வளமுள்ள நாடு, அதன் தனிநபர் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 6,500 டாலர். நிகரகுவாவில் அது 2,600 டாலரை ஒட்டியே இருக்கிறது. ஏழை நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே எப்படி மேலே வந்தார்கள்? சேமிப்பிலும் ஒழுங்கிலும் நிகரகுவாக்காரர்கள் கெட்டி என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

செப்டம்பர் 2, இரவு

காரணத்தோடு மறுக்கிறேன். நான் குவீன்ஸில் எல்ம்ஹர்ஸ்ட் பகுதியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, வேலை மாற்றத்தால் மியாமிக்கு மேற்கே குடியேறியவன். தொழில் கணக்கு. இரு ஊர்களிலும் குறைந்த வருமானமுள்ளோருக்கு இலவசமாக வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் முகாம்களில் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இந்த இரு சமூகத்தினரின் சம்பளச் சீட்டையும் வாடகை ரசீதையும் கையில் வாங்கிப் பார்த்த பழக்கம் உண்டு.

நீங்கள் கண்ட வேறுபாடு உண்மையானது, அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் பொருந்தவில்லை. உங்கள் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஆண்டு வந்தார், நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் கிரீன் கார்டை எந்த ஆண்டு பெற்றார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தெருவில் இருக்கும் ஈக்வடார்க்காரரிடமும் அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சேமிப்புக் குணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

செப்டம்பர் 4

நிகரகுவாக்காரர்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவர்களை ஒரே கூட்டமாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

1979 ஜூலை 17 அன்று நிகரகுவாவின் சர்வாதிகாரி சொமோசா நாட்டைவிட்டு ஓடினார். இரண்டு நாள் கழித்து இடதுசாரிக் கிளர்ச்சியாளர்களான சாந்தினிஸ்தாக்கள் தலைநகர் மனாகுவாவுக்குள் நுழைந்தார்கள். அப்போது மியாமிக்கு வந்தவர்கள் நிலக்கிழார்கள், ஆலை முதலாளிகள், பழைய ஆட்சியின் அதிகாரிகள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். பணத்தோடும் படிப்போடும் வந்தவர்கள். அடுத்து, சாந்தினிஸ்தா அரசை எதிர்த்த கொன்ட்ரா படைகளின் போர் நாட்டை உலுக்கிய 1980களின் நடுவில், கட்டாய இராணுவ சேவைக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்த நடுத்தரக் குடும்பங்கள் வந்தன. 1988இல் பணவீக்கம் 30,000 சதவீதத்தைத் தாண்டியது. அந்த நெருக்கடியில் கிளம்பியவர்கள் தொழிலாளர்களும் விவசாயிகளும். 1989 ஜனவரியில் டெக்சாஸ் எல்லையிலிருந்து பேருந்துகளில் வந்து இறங்கியவர்களைத் தங்கவைக்க இடமில்லாமல், மியாமி நகர நிர்வாகம் அவர்களை ஒரு பேஸ்பால் மைதானத்தில் தங்கவைத்தது. மியாமிக்கு மேற்கே உள்ள ஸ்வீட்வாட்டரும் ஃபவுண்டன்புளூவும் 'குட்டி மனாகுவா' ஆனது இந்தப் பத்தாண்டில்தான். இன்றும் அங்கே ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நிகரகுவாக் கவிஞர் ரூபென் தாரியோவின் பெயர் இருக்கிறது. வறுத்த இறைச்சியும் சோறும் மொச்சையும் விற்கும் 'ஃப்ரிதாங்கா' கடைகள் ஒவ்வொரு முனையிலும் இருக்கின்றன.

மைதானத்தில் படுத்திருந்த அந்தக் கூட்டத்தைத்தான் நான் இந்த விவாதத்தின் மையமாக எடுத்துக்கொள்கிறேன். அவர்களிடம் பணமோ பட்டமோ கிடையாது. முதலில் வந்த பணக்காரர்களை மட்டும் வைத்து நிகரகுவாக்காரர்களின் நிலையை விளக்கிவிட முடியாதென்பதற்கு அவர்களே சான்று. அவர்களில் பெரும்பகுதியினரைத் தூக்கி நிறுத்தியது 1997 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய 'நக்காரா' சட்டம். 1995 டிசம்பர் 1க்கு முன்பிருந்தே அமெரிக்காவில் தொடர்ந்து வாழும் நிகரகுவாக்காரர்களும் கியூபாக்காரர்களும், உயிருக்கு ஆபத்து என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டிய தேவையின்றி, கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அந்தச் சட்டம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2000 மார்ச் 31.

அதே போர்க்காலத்தில் ஓடிவந்த சால்வதோர்க்காரர்களுக்கும் குவாத்தமாலாக்காரர்களுக்கும் இவ்வளவு எளிய வழி கிடைக்கவில்லை. இடதுசாரி அரசை விட்டு ஓடிவந்தவர்களுக்கு வாஷிங்டன் கதவைத் திறந்தது. தன் நட்பு அரசுகளை விட்டு ஓடிவந்தவர்களை நீண்ட காலம் வாசலில் நிறுத்திவைத்தது.

செப்டம்பர் 5

இப்போது ஈக்வடார். இதன் தொடக்கம் ஒரு தொப்பி. உலகம் 'பனாமா தொப்பி' என்று அழைப்பது உண்மையில் ஈக்வடாரில் நெய்யப்படுவது. தென்மலைப் பகுதியான அசுவாய், காஞ்யார் மாகாணங்களில் வீட்டுக்கு வீடு பெண்களும் ஆண்களும் அதை நெய்தார்கள். அதை வாங்கி விற்ற வியாபாரத்தின் மறுமுனை நியூயார்க்கில் இருந்தது. 1950களில் அந்த வியாபாரம் விழுந்தபோது, தொப்பி போன வழியிலேயே குவெங்காவைச் சுற்றிய ஊர்களின் இளைஞர்கள் நியூயார்க்குக்குப் போய் உணவக அடுக்களைகளில் பாத்திரம் கழுவத் தொடங்கினார்கள். அவர்களுடைய தம்பிகளும் மருமகன்களும் அதே முகவரிக்கு வந்து சேர்ந்தார்கள். குவீன்ஸின் ஜாக்சன் ஹைட்ஸ், கொரோனா, நியூஜெர்சியின் நியூவார்க், கனெக்டிகட்டின் டேன்பரி, லாங் ஐலண்டின் பாச்சோக் என இந்த ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு மலைக்கிராமத்தின் நீட்சியாக ஆயின.

பெரிய அலை 1999இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அதிபர் ஹமில் மஹுவாத் அரசு வங்கிகளை மூடி, மக்களின் வைப்புத்தொகையை முடக்கியது. வாழ்நாள் சேமிப்பை எடுக்க முடியாமல் தவித்தவர்களின் பணம், 2000 ஜனவரி 9 அன்று ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே (நாட்டின் பழைய நாணயம்) என்ற விகிதத்தில் நாடே டாலருக்கு மாறியபோது, பெருமளவில் கரைந்துபோனது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் மஹுவாத் பதவியிழந்தார். சிலர் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் பறந்தார்கள். மற்றவர்கள் மீன்பிடிப் படகில் குவாத்தமாலா வரை கடலில் வந்து, அங்கிருந்து நிலவழியாக வடக்கே நடந்தார்கள்.

எண்ணெய் வளத்தைப் பற்றிச் சொன்னீர்கள். 1972 முதல் ஈக்வடார் எண்ணெய் ஏற்றுமதி செய்கிறது. காஞ்யார் மலையில் அரை ஏக்கர் மக்காச்சோளம் பயிரிட்டவருக்கு அதில் என்ன கிடைத்தது? தேசத்தின் சராசரி வருமானத்தைச் சுமந்துகொண்டு யாரும் எல்லை கடப்பதில்லை. அவரவர் குடும்பத்தின் கடனைத்தான் சுமந்து வருகிறார்கள்.

அந்த 1999ஆம் ஆண்டு அலைக்கு எந்த நக்காராவும் வரவில்லை. அரசே வங்கியை மூடி மக்களின் பணத்தை முடக்குவதை எந்தப் புகலிடச் சட்டமும் துன்புறுத்தல் என்று கருதுவதில்லை.

செப்டம்பர் 5, சற்று நேரம் கழித்து

எண்ணிக்கை கேட்டவருக்கு: 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஈக்வடார் வழியினர் சுமார் 5,64,000 பேர், நிகரகுவா வழியினர் சுமார் 3,48,000 பேர். முதல் பிரிவினரில் ஐந்தில் இருவர் நியூயார்க் மாநிலத்தில் இருந்தார்கள். இரண்டாம் பிரிவினரில் அதே அளவு பங்கினர் ஃபுளோரிடாவிலும், பத்தில் மூவர் கலிஃபோர்னியாவிலும் இருந்தார்கள். இரு சமூகங்களும் அதன்பின் மிகவும் பெருகிவிட்டன.

செப்டம்பர் 9

"சட்டம் எல்லோருக்கும் பொது, உழைத்தால் யாரும் உயரலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு வரிக் கணக்கு மேசையிலிருந்து பதில் சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குடும்பங்களை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டிலும் தந்தை கட்டட வேலை செய்கிறார், தாய் வீடுகளைச் சுத்தம் செய்கிறார், அமெரிக்காவிலேயே பிறந்த குழந்தைகள் இருவர். ஆண்டு வருமானமும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். நிகரகுவாத் தந்தைக்கும் தாய்க்கும் வேலை உரிமையோடு கூடிய சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது. ஈக்வடார்ப் பெற்றோருக்கு அது இல்லை. வரி கட்டுவதற்கென்றே அரசு 1996இல் உருவாக்கிய 'ஐட்டின்' எண் மட்டும் இருக்கிறது. இரண்டு குடும்பங்களும் வரிக் கணக்குத் தாக்கல் செய்கின்றன. குறைந்த வருமானமுள்ள உழைப்பாளிகளுக்கு அரசு திருப்பித்தரும் வருமான வரிச் சலுகை, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 2024ஆம் ஆண்டு வருமானத்துக்கு அதிகபட்சம் 6,960 டாலர். முதல் குடும்பம் அதைப் பெறத் தகுதியுடையது. இரண்டாம் குடும்பத்துக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது, ஏனெனில் 'ஐட்டின்' எண்ணுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

இதை ஓராண்டு இழப்பாக மட்டும் பார்க்காதீர்கள். பிப்ரவரியில் வரும் அந்தத் தொகைதான் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டில் ஒரே முறை கைக்கு வரும் மொத்தப் பணம். பழைய காரை மாற்றுவது, வாடகை வீட்டுக்கு முன்பணம் தருவது, வீடு வாங்குவதற்கான முதல் சேமிப்பைத் தொடங்குவது எல்லாம் அதிலிருந்துதான். இருபது ஆண்டுகள் அது ஒரு வீட்டுக்கு வந்தும் இன்னொரு வீட்டுக்கு வராமலும் இருந்தால், முதல் வீட்டில் இருப்பவரைச் 'சேமிப்பில் கெட்டி' என்று நாம் புகழ்வது நியாயமா?

குழந்தைகளுக்கான வரிச் சலுகை 2024ஆம் ஆண்டு வருமானம் வரை குழந்தையிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் போதும் என்ற நிலையில் இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான புதிய சட்டத்தின்படி, 2025ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து பெற்றோரில் ஒருவருக்காவது வேலை உரிமையுள்ள எண் இருக்க வேண்டும். குழந்தை அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், இருவரும் 'ஐட்டின்' எண்ணில் இருந்தால் 2,200 டாலர் சலுகை போய்விடும். வரும் பிப்ரவரியில் எங்கள் மேசைக்கு எதிரே உட்காரப்போகும் தாய்மாரிடம் இதை எப்படிச் சொல்வதென்று இப்போதே மனம் கனக்கிறது.

குவீன்ஸ் முகாமில் ஒரு காஞ்யார்ப் பெண்மணி ஒவ்வோராண்டும் வருவார். ரசீதுகளைக் குழந்தையின் பழைய பள்ளிப் பையில் மாதவாரியாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார். அவரளவுக்கு ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தவரை என் அலுவலக வாடிக்கையாளர்களில்கூடக் கண்டதில்லை. வீடு சுத்தம் செய்யும் தொழிலைச் சுயதொழிலாகக் காட்டி, தொழிலாளி பங்கையும் முதலாளி பங்கையும் சேர்த்து சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமான 15.3 சதவீத வரியைக் கட்டுவார். அந்தப் பணத்தின் பயனாக ஓய்வூதியம் அவருக்கு வரப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். "என்றாவது ஒரு சட்டம் வந்தால், நான் ஒழுங்காக இருந்தேன் என்று காட்ட வேண்டுமல்லவா" என்பார்.

செப்டம்பர் 10

மேலே எழுதியதில் ஓர் இடத்தை இன்னும் நுட்பமாகச் சொல்ல வேண்டும். ஈக்வடார்க்காரர்களுக்கு எந்தக் கதவுமே திறக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் குடும்ப விசாவில் வந்தவர்கள் பலர். 1982 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இங்கே இருந்தவர்கள் 1986 பொது மன்னிப்புச் சட்டத்தில் பயன்பெற்றார்கள். 2001 ஏப்ரல் 30க்குள் உறவினரோ முதலாளியோ மனுச் செய்திருந்தால், அபராதம் கட்டி உள்நாட்டிலேயே நிலையை மாற்றிக்கொள்ள '245 ஐ' என்ற பிரிவு இடம்தந்தது. அந்தக் கடைசி வாரங்களில் வழக்கறிஞர் அலுவலகங்களின் வாசலில் நின்றவர்களில் ஈக்வடார்க்காரர்களும் உண்டு.

இந்த விதிவிலக்குகளே என் வாதத்துக்குத் துணை நிற்கின்றன. அந்த வாய்ப்புகளில் ஒன்றைப் பிடித்த ஈக்வடார்க் குடும்பங்களைப் பாருங்கள்: கொரோனாவிலும் நியூவார்க்கிலும் இரண்டு மூன்று வீட்டுக் கட்டடம் வாங்கி, மேல்தளத்தை வாடகைக்கு விட்டு, மகளைத் தாதியாகவோ ஆசிரியையாகவோ படிக்கவைத்திருக்கிறார்கள். அவர்கள் வந்த மலை, பேசும் மொழி, செய்யும் வேலை எல்லாம் அடித்தள அறையில் வாடகைக்கு இருப்பவருடையவையே.

செப்டம்பர் 14

அக்காவின் ஊர், உங்கள் ஊர் என்று இரண்டு நகரங்களையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும் என்று சிகாகோ நண்பர் நினைவூட்டியது சரியான குறிப்பு.

கூலி நியூயார்க்கில் அதிகம்: 2025இல் நகரத்தில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.50 டாலராக இருந்தது. ஃபுளோரிடாவில் 13 டாலராக இருந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் 14. ஆனால் நியூயார்க் வாடகை அந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. மறுபுறம், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. 1990களின் கடைசியில் மேற்கு மியாமியில் ஒரு கொத்தனாரின் வருமானத்தில் சிறு வீடு வாங்க முடிந்தது. நக்காரா அட்டை கையில் கிடைத்த காலமும் அதுதான்! இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கூடிவந்ததை நான் பெரிய காரணமாகக் கருதுகிறேன். வங்கிக் கடன் கேட்கத் தகுதி வந்த ஆண்டில் வீட்டு விலை கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. இன்று அதே தெருவில் அதே வீட்டை அதே வேலை செய்யும் புதியவர் வாங்கவே முடியாது. 'ஐட்டின்' எண்ணுக்கும் வீட்டுக்கடன் தரும் வங்கிகள் சில இருக்கின்றன. வட்டியும் முன்பணமும் கூடுதல்.

ஆவணமற்றவரை நடத்தும் விதத்தில் நியூயார்க் எவ்வளவோ மேல். 2019 சட்டப்படி அங்கே ஆவணமில்லாதவரும் ஓட்டுநர் உரிமம் பெறலாம். 2021இல், பெருந்தொற்று உதவிகளிலிருந்து விலக்கப்பட்ட தொழிலாளர்களுக்கென மாநிலம் 210 கோடி டாலர் நிதி ஒதுக்கி, ஒருவருக்கு 15,600 டாலர் வரை தந்தது. ஃபுளோரிடாவோ 2023இல் இயற்றிய சட்டத்தால் 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்களைப் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொருவரின் வேலை உரிமையையும் மின்னணு முறையில் சரிபார்க்கச் சொல்கிறது. அதாவது, ஆவணம் உள்ளவருக்கு மியாமி நன்று. ஆவணம் இல்லாதவருக்குக் குவீன்ஸ் நன்று.

செப்டம்பர் 15

குவீன்ஸின் மறுபக்கத்தையும் நான் மறைக்க மாட்டேன். 2020 வசந்தத்தில் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையின் வாசலில் கோவிட் காலத்தில் நின்ற வரிசையை உலகமே பார்த்தது. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் எச்சமழையில் நகரத்தின் அடித்தள அறைகளில் 11 பேர் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குவீன்ஸில். வாடகையை மிச்சம்பிடிக்கக் குடும்பங்கள் தங்குவது அப்படிப்பட்ட அறைகளில்தான். பெரிய கட்டடங்களின் வேலைக்குச் செல்ல 40 மணிநேரப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை நகரச் சட்டப்படி கட்டாயம். அதற்கான கட்டணம் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்தே பெரும்பாலும் போகிறது.

செப்டம்பர் 21

கடன். இதைப் பற்றி யாருமே கேட்கவில்லை. ஆனால் ஈக்வடார்க் குடும்பத்தின் பொருளாதாரத்தை இதைவிட்டுப் பேசவே முடியாது.

அசுவாயிலும் காஞ்யாரிலும் 'சுல்கேரோ' என்றால் கந்துவட்டிக்காரர். வடக்கே போகிறவருக்கு நிலத்தையோ வீட்டையோ ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு பணம் தருவார். வட்டி மாதக்கணக்கில் ஏறும். ஆளை எல்லை கடத்தும் 'கொயோட்டே'க்கு அண்மை ஆண்டுகளில் 15,000 டாலருக்கு மேல் போகிறது. இரண்டாம் முறை முயன்றால் கடன் இரட்டிக்கும். ஆகவே புதிதாக வந்த ஈக்வடார்க்காரரின் முதல் மூன்று நான்கு ஆண்டு உழைப்பு அவருடைய ஊர்க் கந்துவட்டிக்காரருக்கே சேருகிறது. நடுவில் விழுந்து கை முறிந்தால் வட்டி நிற்பதில்லை. ஊரில் தாயாரின் பெயரிலுள்ள நிலம் கைமாறும். ஓர் அறையில் ஐவர் தங்குவதற்குக் காரணம் இதுதான். அவர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்பவர்கள், சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்கு அனுப்பிவிட்டு மீதியில் வாழ்ந்து பார்க்கட்டும்.

நிகரகுவாவிலிருந்து 1980களில் வந்தவர்களுக்குச் செலவு இதில் சிறு பகுதி. நாடும் அருகில், வழியும் அன்று எளிது.

செப்டம்பர் 23

"அமெரிக்காவை விட்டு வேறு நாட்டில் ஒப்பிட்டால் உங்கள் வாதம் நிற்குமா" என்று கேட்டவருக்கு நன்றி; நல்ல சோதனை.

ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஆகஸ்ட் வரை ஈக்வடார்க்காரர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. 2005இல் நடந்த பெரிய முறைப்படுத்தலில் அதிகம் பயன்பெற்ற நாட்டினர் அவர்களே. இலத்தீன் அமெரிக்கர்கள் இரண்டு ஆண்டுகள் சட்டபூர்வமாக வாழ்ந்தாலே ஸ்பானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குவீன்ஸில் இருபது ஆண்டுகளாக ஆவணமின்றி இருப்பவரின் உடன்பிறந்த அண்ணன் மாட்ரிட்டில் ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு இருக்கிறார். ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

அங்கும் எல்லாம் நலமாக முடியவில்லை. வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்ததால் பலர் வீடு வாங்கினார்கள். 2008இல் கட்டட வேலை நின்றது. வீட்டைத் திருப்பித் தந்தாலும் மீதிக் கடன் தொடரும் என்ற ஸ்பெயின் சட்டத்தால் வீடும் போய்க் கடனும் நின்றது. வெளியேற்றங்களை எதிர்த்துப் போராடி அமைப்பாகத் திரண்டவர்களில் முன்வரிசையில் ஈக்வடார்க்காரர்கள் இருந்தார்கள். ஆவணம் ஏற்றத்துக்கு வழிதான், பாதுகாப்புக்கு முழு உறுதி அன்று என்பதை ஸ்பெயின் எனக்குக் காட்டியது.

நிகரகுவாக்காரர்களுக்கு இதற்கு இணையான நாடு கோஸ்டா ரிகா. 2011 கணக்கெடுப்பில் அங்கே நிகரகுவாவில் பிறந்தவர்கள் சுமார் 2,87,000 பேர், மொத்த மக்களில் ஏறத்தாழ 6.7 சதவீதம். காப்பி பறிப்பு, அன்னாசித் தோட்டம், வீட்டு வேலை, காவல் வேலை, கட்டட வேலை ஆகியவற்றைச் செய்பவர்கள் அவர்களே. அங்கே அவர்கள் மீது சுமத்தப்படும் பழியைக் கேட்டால் நம் முதல் கேள்வியாளர் வியந்துபோவார். மியாமியில் 'கெட்டி' எனப்படும் அதே மக்கள், சான் ஹோசேயில் 'ஏழ்மையைக் கொண்டுவருபவர்கள்'.

செப்டம்பர் 28

ஊருக்கு அனுப்பும் பணம் பற்றி இரண்டு எண்கள். 2023இல் நிகரகுவாவுக்குச் சுமார் 466 கோடி டாலர் வந்தது; அது நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஈக்வடாருக்கு அதே ஆண்டில் சுமார் 545 கோடி டாலர் வந்தது. அங்கே அது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. நிகரகுவாவில் சாந்தினிஸ்தாத் தலைவர் ஒர்தேகாவின் அரசு, தான் துரத்திய மக்கள் அனுப்பும் டாலரால் தன் நாணயத்தை நிலையாக வைத்திருக்கிறது. இந்தக் கொடுமையை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தாய்க்கு மருந்து வாங்க மகன் அனுப்பும் பணத்தை நிறுத்தச் சொல்லவும் யாராலும் முடியாது.

2026 ஜனவரி முதல் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் பணத்துக்கு ஒரு சதவீத வரி வருகிறது. "நமக்கும் உண்டா" என்று இங்கே பலர் பதறியிருக்கிறீர்கள். ரொக்கமாகவோ மணியார்டர் போன்றவையாகவோ கொடுத்து அனுப்பினால்தான் வரி. வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க வங்கி அட்டையிலிருந்தோ அனுப்பினால் இல்லை. சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கைப்பேசிச் செயலி வழியே கணக்கிலிருந்து அனுப்பும் நம்மில் பெரும்பாலோரை இது தொடாது. குவீன்ஸின் ரூஸ்வெல்ட் அவென்யூ கடையில் ஞாயிறு மாலை ரொக்கத்தை எண்ணிக்கொடுப்பவரைத் தொடும்.

அக்டோபர் 4

பெண்களைப் பற்றி நான் போதுமான அளவு எழுதவில்லை என்று ஒரு தோழி சொன்னது உண்மை. 2022 முதல் நியூயார்க் சுரங்க ரயில்களில் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மிட்டாய் விற்கும் பெண்களில் பலர் ஈக்வடார் மலைப்பகுதிப் பழங்குடிப் பெண்கள். வீட்டில் கிச்வா பேசுபவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவருக்கு, குழந்தையோடு செய்யக்கூடிய வேலை அது ஒன்றே. மியாமியில் அதே வயது நிகரகுவாப் பெண், முன்னே வந்த சித்தியின் வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு முதியோர் இல்லத்தில் பணிக்குப் போகிறார். அந்தச் சித்தி 1989இல் வந்தவர். முன்னே வந்தவருக்குக் கிடைத்த அட்டை, பின்னே வருபவருக்குக் குழந்தைக் காப்பகமாகவும் முதல் மாத வாடகையாகவும் மாறுகிறது.

அக்டோபர் 12

தொடக்கக் கேள்வியாளர் மீண்டும் எழுதியிருக்கிறார்: அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் 1988இல் வந்தவர், 1999இல் கிரீன் கார்டு; குவீன்ஸ் அண்டைவீட்டார் 2001 கோடையில் வந்தவர், இன்னும் ஒன்றுமில்லை. கேட்டு வந்து சொன்னதற்கு நன்றி ஐயா. 2001 கோடை என்றால், '245 ஐ' கெடு முடிந்து சில வாரங்களே ஆகியிருக்கும்.

ஆனால் உங்கள் அக்காவின் தெருவை இனி ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் இந்த ஒப்பீடு மாறியிருக்கக்கூடும். 2018 ஏப்ரலில் நிகரகுவாவில் ஓய்வூதிய வெட்டை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி 300 பேருக்கு மேல் உயிரிழக்க ஒடுக்கப்பட்டது. 2022 நிதியாண்டில் மட்டும் அமெரிக்க எல்லைக்கு வந்த நிகரகுவாக்காரர்கள் சுமார் 1,64,000 பேர். 2023 ஜனவரியில் தொடங்கிய, தற்காலிகமாக நாட்டுக்குள் நுழைய அனுமதிக்கும் 'பரோல்' திட்டத்தில் 90,000க்கு மேற்பட்டோர் விமானத்தில், வேலை அனுமதியோடு வந்தார்கள். ஈக்வடார் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. ஈக்வடார்க்காரர்கள் கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையிலுள்ள தாரியென் காட்டை நடந்தே கடந்தார்கள், அல்லது விமானத்தில் மனாகுவாவில் இறங்கி வடக்கே நடந்தார்கள். தன் மக்கள் வெளியேறும் நாடே பிறநாட்டாருக்கு இறங்குமிடம் ஆனது. 2023 டிசம்பரில் பிரான்சின் வாத்ரி விமான நிலையத்தில் தடுக்கப்பட்ட, 303 பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்களாயிருந்த விமானமும் மனாகுவாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

2025 மார்ச்சில் அந்தப் பரோல் திட்டம் ரத்து என அறிவிக்கப்பட்டது. மே 30 அன்று உச்சநீதிமன்றம் ரத்தைச் செயல்படுத்த அனுமதித்தது. 1998 மிட்ச் புயலுக்குப் பின் கிடைத்த தற்காலிகப் பாதுகாப்பில் கால்நூற்றாண்டாக வாழ்ந்தவர்களுக்கும் ஜூலையில் முடிவு அறிவிக்கப்பட்டு, அதை எதிர்த்து வழக்கும் தொடுக்கப்பட்டது. சென்ற மாதம் எங்கள் முகாமுக்கு வந்த ஓர் இளைஞர், கிடங்கில் நல்ல வேலையிலிருந்தவர், அனுமதி முடிந்ததும் நிறுத்தப்பட்டு, இப்போது பின்புற முற்றங்களில் புல் வெட்டுகிறார், கூலி ரொக்கமாக. இந்த ஆண்டு வரிக் கணக்கு எழுத வேண்டுமா என்று கேட்டார். வேலை உரிமையோடு உழைத்த மாதங்களுக்கான சம்பளச் சீட்டுகளை எல்லாம் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னேன். ரொக்கக் கூலியையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன்.